தாத்தாவின் இரட்டைக்குழலும் என் ஏழேமுக்கால் பவுண்டும்

போய்சி, ஐடஹோ
ஆகஸ்ட் 11

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, அம்மாவின் கண் ஆபரேஷன். மதுரையில் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது தானாகவே பேப்பர் படிக்கிறாள். "இத்தனை நாளா சுவரெல்லாம் மஞ்சளா இருக்குன்னு நினைச்சேன், வெள்ளைதான்டா" என்று நேற்று போனில் ஒரே சிரிப்பு. உன்னையும் விசாரித்தாள். நீ மொன்டானாவில் இருக்கிறாய் என்றால் அவளுக்குப் புரியவில்லை. "குளிரா இருக்குமாமே, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போஸ்மனுக்குப் போய் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் டிபார்ட்மென்ட் ஆட்கள் உன்னை வேட்டைக்கு இழுக்கிறார்கள், செல்வி முறைக்கிறாள், நீ என்னிடம் "எந்த ரைஃபிள் வாங்கட்டும், அதிகம் செலவு பண்ண முடியாது, வெயிட்டும் கூடாது" என்று கேட்கிறாய். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது உன் தாத்தாவின் இரட்டைக்குழல்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமே, அப்போது அவர் அதைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தாண்டிக்குடி ரோட்டில் நடக்க, நாம் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். ஒரு தடவை என் கையில் கொடுத்தார். உலக்கை மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் அது ஏழு பவுண்டுக்கு மேல் இருந்திருக்காது. இன்று நான் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது அதைவிடக் கனம்.

கடையில் நீ பார்க்கப்போவதில் உன் பட்ஜெட்டுக்குள் உருப்படியானவை மூன்று. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், கொஞ்சம் கை நீண்டால் டிக்கா டி3எக்ஸ் லைட். முதல் இரண்டும் இந்த ஊர்ச் சரக்கு. டிக்கா ஃபின்லாந்திலிருந்து, சாக்கோ ஆலையிலிருந்து வருகிறது. மூன்றும் வெறுமனே ஆறேகாலிலிருந்து ஆறரைப் பவுண்டு சுமாருக்குள்தான். ரூகரிலும் டிக்காவிலும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற கைப்பிடியை, 70 டிகிரி தூக்கினால் போதும். பழைய மவுசர் துப்பாக்கி வழியில் 90 டிகிரி தூக்க வேண்டும், மேலே மாட்டுகிற குறிபார்க்கும் தொலைநோக்கியில், அதுதான் ஸ்கோப், கை இடிக்கும். டிக்காவின் போல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார், வெண்ணெயில் கத்தி. பார்த்துவிட்டு மற்றதை இழுத்தால் மணல் உரசுகிற மாதிரி இருக்கும். ஆனால் மான் அந்தச் சத்தத்தைக் கேட்டு மார்க் போடப் போவதில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் என்னுடையது. எது என்று சொன்னால் நீ கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குவாய், அதனால் சொல்ல மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய். தோளில் பதிகிற கட்டையின் பின்முனையை உன் முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் ட்ரிக்கரை எட்டுகிறதா என்று பார். பின்முனையிலிருந்து ட்ரிக்கர் வரை சாதாரணமாக 13¾ அங்குலம் அளவில் செய்கிறார்கள். நம்ம கைக்கு அது கொஞ்சம் நீளம். நவம்பரில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டால் இன்னும் நீளம். கட்டை குட்டையான காம்பாக்ட் மாடல்களும் உண்டு. பொடியன்களுக்கானது என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

தோட்டா விஷயத்தில் என் பேச்சைக் கேள், மருந்து அதிகம் அடைத்த மேக்னம் பக்கமே போகாதே. 308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. அதே கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1955-ல் 243 போட்டார்கள், 1980-ல் 7 மி.மீ.-08. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நான் வைத்திருப்பது பருமனில் நடுப்பிள்ளை, 7 மி.மீ.-08. தோளுக்கு இதமானது, மானுக்குத் தாராளம், பக்கத்தில் போய்ச் சுடுகிற பொறுமை இருந்தால் எல்க் என்கிற பெரிய மானுக்கும் போதும். ஒரே குறை, 2020-21-ல் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தபோது இது அலமாரியில் கண்ணுக்கே தெரியவில்லை. 308 மட்டும் அவ்வப்போது தலைகாட்டும். உன் நண்பர்கள் எல்லாரும் 6.5 கிரீட்மோர் தோட்டாதான் என்பார்கள். அதுவும் நல்லதுதான், அதற்காகச் சண்டை போடாதே.

இப்போது என் கதை. ரைஃபிளை 2019-ல் வாங்கினேன், 500 டாலருக்குள். வாங்கின உற்சாகத்தில் மேலே போட்டதுதான் கூத்து. 50 மி.மீ. கண்ணாடி வைத்த பெரிய ஸ்கோப், 24 அவுன்ஸ். அதைப் பிடித்துக்கொள்கிற இரும்பு வளையங்கள், 8 அவுன்ஸ். முன்னால் மடக்குகிற இரண்டு கால், 13 அவுன்ஸ். மெத்தை வைத்த தோள்வார், 8 அவுன்ஸ். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, ஆனால் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் தனியாகக் கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

அந்த அக்டோபரில் விடியுமுன் ஏற ஆரம்பித்து, ஒரு முகட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் வந்துவிட்டது. எனக்கு வாயால்தான் மூச்சு. நேர் எதிர்ச் சரிவில், 150 கஜம் இருக்கும், கழுதைக் காது மான் ஒன்று பக்கவாட்டில் நின்று என்னையே பார்த்தது. கால்களை விரிக்கலாம் என்றால் முழங்கால் உயரத்துக்குச் செடி. நின்றபடியே தூக்கினேன். கண்ணாடிக்குள் மானின் முதுகு, வானம், புல், மறுபடி முதுகு என்று ராட்டினம் சுற்றியது. இடது கை துடித்தது. ட்ரிக்கரில் விரலே வைக்கவில்லை, இறக்கிவிட்டேன். அது நிதானமாகக் காதை ஆட்டிவிட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்து, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுப்போமே, அந்தக் கொக்கித் தராசில் மாட்டினேன். 9 பவுண்டு 13 அவுன்ஸ், தோட்டா போடாமலே. மாலதி பார்த்துவிட்டு, "ஆறரைன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்த குறைப்பு. பெரிய ஸ்கோப்பை விற்றுவிட்டு லூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம் வாங்கினேன், மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, 40 மி.மீ., 12 அவுன்ஸ்தான். 300 கஜத்துக்கு அந்தப் பக்கம் நான் சுடப்போவதில்லை, எனக்கு எதற்கு இருபது மடங்கு? இரும்புக்குப் பதில் டாலி கம்பெனியின் அலுமினிய வளையம், அடியும் வளையமும் ஒன்றாகவே வரும், 3 அவுன்ஸ். மெல்லிய நைலான் வார் 4 அவுன்ஸ். இரண்டு கால் கராஜில் தூங்குகிறது, முதுகுப் பையைக் கீழே போட்டு அதன் மேல் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கட்டை. இந்த விலைக்கு வருகிற பிளாஸ்டிக் கட்டைகளின் முன்பாதி பொதுவாகவே கொஞ்சம் வளையும். குழல் எங்கேயும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் போக வேண்டும். சும்மா வைத்திருக்கும்போது போகும். பை மேல் வைத்து அழுத்தினால் கட்டை வளைந்து குழலில் முட்டும், குறி அந்த அளவுக்கு நகரும். கார்பன் ஃபைபர் கட்டை வாங்கலாம் என்று பார்த்தால் அது ரைஃபிளைவிட விலை. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வில்வேட்டைக்காரர், உடைந்த கார்பன் அம்புகள் அவரிடம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இரண்டை வாங்கி, கட்டையின் முன்பாதிக் குழியின் நீளத்துக்கு வெட்டி, குறுக்குத் தடுப்புகளில் அம்பு படுக்கும் அளவுக்கு வழி குடைந்து, எபாக்சிப் பசை ஊற்றிப் படுக்க வைத்தேன். ஒரு நாள் காயவிட்டு, மேலே பிதுங்கினதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். கூடினது இரண்டே அவுன்ஸ். இப்போது இரண்டு கையாலும் நெருக்கினாலும் நோட்டு ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவு இருபது டாலர்கூட இல்லை. இந்த ரைஃபிளுக்கு நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையான காரியம் இதுதான்.

கடைசிக் கணக்கு 7 பவுண்டு 13 அவுன்ஸ். இரண்டு பவுண்டு குறைந்தது. நானே ஏற்றிவைத்த சுமையில் பாதிக்கு மேல்.

இன்னும் குறைக்கலாமே என்பாய். நானும் நினைத்தேன். நான் சொன்ன அதே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஐந்து பவுண்டு சொச்சத்தில் விலை உயர்ந்த ஒன்று இருக்கிறது. சுடுதளத்தில் வாங்கிச் சுட்டேன். தூக்கினால் பூ. சுட்டால் கழுதை. அதே தோட்டாதானே என்று நினைக்காதே, எடை குறையக் குறைய உதை ஏறும். 8 பவுண்டை 6.4 ஆக்கினால் உதையின் ஆற்றல் 25 சதவீதம் கூடும், பிளஸ் டூ இயற்பியல்தான். அதைவிட, முன்முனை லேசாக இருப்பதால் நம் நாடித்துடிப்பெல்லாம் குழலில் தெரிகிறது. பத்துப் பவுண்டில் கை தளர்ந்து ஆடினது, ஐந்தில் கனமே இல்லாமல் ஆடுகிறது. ஸ்கோப்போடு சேர்த்து ஏழரையிலிருந்து எட்டு, அதில் நிறுத்திக்கொள். அதற்குக் கீழே போகிறவர்கள் என்னைவிட நன்றாகச் சுடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

அந்த லேசான துப்பாக்கி எனக்குக் கொடுத்த பரிசு வலது புருவத்தில் இருக்கிறது, போன தடவை வீடியோவில் கேட்டாயே. மேல்நோக்கி ஏறுகிற சரிவில் படுத்துக்கொண்டு கண்ணை ஸ்கோப்புக்கு ஒட்டி வைத்துவிட்டேன். உதையில் விளிம்பு வந்து அரைவட்டமாக வெட்டியது. முழுக்க என் தப்பு. மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஸ்கோப்பை மாட்டும்போதே கோட்டைப் போட்டுக்கொண்டு, மேல் நோக்கிப் படுத்தும் ஒரு தடவை பார்த்து மாட்டு.

இன்னொரு முட்டாள்தனமும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் திடீரென்று குறி நாலு அங்குலம் சிதறியது. குழல் தேய்ந்துவிட்டது, தோட்டா சரியில்லை என்று இரண்டு வாரம் புலம்பி, நாலு விதமான தோட்டா வாங்கினேன். கடைசியில் பார்த்தால் வளையத்தின் அடித்திருகு ஒன்று தளர்ந்திருந்தது. நான் கையால் குத்துமதிப்பாக முடுக்கியது. முடுக்கம் அளக்கிற திருப்புளி ஒன்று வாங்கிவிடு, வளையத்தோடு வரும் தாளில் எவ்வளவு என்று போட்டிருக்கும். ட்ரிக்கரை மட்டும் கழற்றிச் சாணை பிடிக்காதே. கம்பெனி கொடுத்த திருகில் எவ்வளவு லேசாகுமோ அவ்வளவு போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடு.

மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடு. மேஜையில் உட்கார்ந்து ஐந்து ஐந்தாகச் சுட்டு ஓட்டைகளை அளந்துகொண்டிருக்காதே. மெல்லிய குழல், மூன்று சுட்டாலே சூடேறிக் குறி அலைய ஆரம்பிக்கும். மலையில் உனக்கு வேண்டியது ஆறின குழலிலிருந்து போகிற முதல் தோட்டா. நான் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்திருக்கிறேன், 200 கஜத்தில் சரியாக நடுவில் வரும். பிறகு உட்கார்ந்து, முட்டி போட்டு, பை மேல் வைத்து, ஒன்று சுட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒன்று. நடுவில் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பிளாஸ்க் டீ.

உன் ஊர்ச் சட்டம் உனக்கே தெரிந்திருக்கும். 1985-க்கு முன்னால் பிறந்தவன் என்பதால் உனக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை, இருந்தாலும் போ. பொடியன்களோடு உட்கார வெட்கப்படாதே, நான் உட்கார்ந்தேன். 180 நாள் தாண்டிவிட்டதால் உள்ளூர்க்காரன் லைசென்ஸ் கிடைக்கும். மானுக்குப் போகும்போது இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். உங்கள் பக்கம் கிரிஸ்லி கரடி உண்டு, கரடி ஸ்பிரேயைப் பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டு. செல்வியிடம் இந்த வரியைக் காட்டாதே.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பாண்டி. "ஊர்ல கோழி அறுக்கவே பின்பக்கம் ஓடிடுவார்" என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். நானும் அப்படித்தான். முதல் மானுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது கை நடுங்கியது, பத்து நிமிஷம் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு உரித்து, எலும்பு நீக்கி, இரண்டு நடையாகக் கறியைக் கீழே கொண்டுவந்து சேர்க்க இருட்டிவிட்டது. இங்கே கறியை வீணாக விடுவது குற்றம், விற்பதும் குற்றம். அதனால் கொடுக்கலாம், தின்னலாம், அவ்வளவுதான். கொழுப்பே கிடையாது. சுக்கா போட்டால் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனி ஞாயிறு இங்கே வா. வாங்கின ரைஃபிளை மேலே எதுவும் மாட்டாமல் அப்படியே கொண்டு வா, திருப்புளியும் தராசும் என்னிடம் இருக்கிறது. முடிந்தால் உன் அம்மாவிடம் கேட்டு உப்புக்கண்டத்துக்கு உப்பும் மஞ்சளும் எந்த அளவு என்று எழுதி வாங்கி வா. போன வருஷம் நான் குத்துமதிப்பாகப் போட்டேன், அதுவும் அந்தத் திருகு மாதிரிதான் ஆயிற்று.

அன்புடன்,
உன்
சண்முகம்