எந்த மருந்து என்று சொல்லாமல் எதற்குக் காப்புரிமை?

இந்தியக் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக் காப்புரிமை விண்ணப்பங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள்.

வயாகரா வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவில் ஃபைசர் பெற்ற காப்புரிமையின் முதல் கோரிக்கைக்குள் (எதற்கெல்லாம் உரிமை என்று வரையறுக்கும் வாசகம்) அடங்கிய சேர்மங்கள் 26 லட்சம் கோடி கோடி. எழுத்துப்பிழை இல்லை. அடுத்தடுத்த கோரிக்கைகள் குறுகிக்கொண்டே போய், கடைசி இரண்டில் தலா ஒரு சேர்மம் மிஞ்சியது. பலன் தருவதாக ஃபைசர் சோதித்து அறிந்திருந்தது அதில் ஒன்றைத்தான்: சில்டெனாஃபில். ஆனால் கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணமான விவரக்குறிப்பில், சோதித்தது அதைத்தான் என்று சுட்டவில்லை. சிறந்த சேர்மங்களில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று பூசி மெழுகிவிட்டார்கள். அதே மருந்தை மலிவு விலை நகலாக (ஜெனரிக்) விற்க விரும்பிய தெவா நிறுவனம் வழக்காடியது. 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஃபைசருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். இரண்டில் எது மருந்து என்று அறிய, படிப்பவரே ஆய்வு நடத்த வேண்டுமென்றால் அது காப்புரிமைக்கு ஈடாகத் தர வேண்டிய வெளிப்படுத்தலே அல்ல என்றார்கள்.

நம் சட்டமும் இதில் சளைத்ததல்ல. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு, கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் முறையையும் முழுமையாக விவரிக்கச் சொல்கிறது. விவரம் போதாவிட்டால் 25-ஆம் பிரிவில் எதிர்க்கலாம், 64-ஆம் பிரிவில் ரத்து கோரலாம். சரி, ஆனால் ரத்து வழக்கு முடிய எத்தனை வருடம்? அதுவரை உரிமைதாரர் வைத்ததுதான் விலை.

எனவே விண்ணப்பத்தைப் பரிசீலித்து உங்கள் அலுவலகம் அனுப்பும் முதல் ஆய்வறிக்கையிலேயே விண்ணப்பதாரரிடம் கேளுங்கள்: உரிமை கோரும் சேர்மங்களில் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள்? எதைச் சோதித்தீர்கள்? முடிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பதில் வராவிட்டால், விளக்கிய அளவுக்குக் கோரிக்கையைச் சுருக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் செய்துகாட்ட முடியுமா என்று நிறுவனங்கள் கேட்கும். முடியாதுதான், யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 26 ஆன்டிபாடிகளின் (மருந்தாகப் பயன்படும் ஒருவகைப் புரதங்கள்) அமைப்பைக் கொடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் மொத்த வகைக்கும் உரிமை கேட்டது. அதிகம் கேட்பவர் அதிகம் விளக்க வேண்டும் என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது.

அப்புறம், 2024 மார்ச் விதித் திருத்தத்தின்படி, காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்பவர் கட்டணம் கட்ட வேண்டும். மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் உங்கள் அலுவலகம் முடிவுசெய்யும். விவரம் போதவில்லை என்று நோயாளர் அமைப்புகள் கொண்டுவரும் மனுக்களை அந்த முதல் படியிலேயே தள்ளிவிடாதீர்கள். விவரக்குறிப்பை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் அவர்கள் வருகிறார்கள்.

இப்படிக்கு,
மருந்துக் காப்புரிமைகளைக் கவனித்துவரும் ஒரு குடிமகன்