லெவியான் பெல் மட்டுமா பேராசைக்காரர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பேராசைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2018-இல் லெவியான் பெல் விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவருக்குத் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக ஃபிரான்சைஸ் டேக் போட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறு அணிக்குப் போகவிடாமல் ஓராண்டுச் சம்பளத்தில் நிறுத்திவைக்கும் உரிமை அது. ஓராண்டுக்குச் சுமார் 1.45 கோடி டாலர். வேறு அணி அவரை எடுத்தால், புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் (டிராஃப்ட்) தன் முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டை ஸ்டீலர்ஸிடம் இழக்க வேண்டும். யார் கிட்டே வருவார்கள்? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவர். ஆட்டத்துக்கு ஆட்டம் நாலைந்து தடியர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். முழங்கால் போய்விட்டால் மறு ஆண்டு சீந்த ஆளிருக்காது. நீண்ட ஒப்பந்தமும் உத்தரவாதப் பணமும் கேட்டதில் என்ன தப்பு?

சரி, அணியால் என்ன செய்ய முடிந்தது? கையெழுத்தே போடாதவருக்கு அபராதம் விதிக்க முடியாது, வேறு அணிக்கு மாற்றிவிடவும் முடியாது. மூன்றாம் முறை டேக் போட்டால் தொகை எங்கேயோ போய்விடும். காத்திருந்தார்கள். அதே அணியின் ஜேம்ஸ் கானர் அந்த இடத்தில் ஓடி 12 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். பெல் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை.

ஸ்டீலர்ஸ் மறுபடி டேக் போடாமல் விட, 2019-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரை 4 ஆண்டுக்கு 5.25 கோடி டாலருக்கு எடுத்தது. 2020 அக்டோபரிலேயே விடுவித்தும்விட்டது. அவரை இழந்ததற்கு ஈடாக டிராஃப்டில் கிடைத்த மூன்றாம் சுற்று வாய்ப்பில் ஸ்டீலர்ஸ் அலெக்ஸ் ஹைஸ்மித் என்ற தற்காப்பு வீரரைப் பிடித்தது. அணிக்கு நஷ்டமில்லை.

ஒரே வீரருக்கு ஒரு தடவைக்கு மேல் டேக் போடக் கூடாது என்று வீரர்கள் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையிலாவது கேட்க வேண்டும்.

– வாசகர் ஒருவர்