நாங்கள் எழுதும் மென்பொருள் கோட் யாருக்குப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக மென்பொருள் வேலை. எங்கள் துறையில் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்திலேயே சலித்துப் போகிறார்கள் என்று சொன்னால், நல்ல சம்பளம், ஏசி அறை, இன்னும் என்ன குறை என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். சம்பளம் முக்கியம்தான். 2022இல் 13 மணி நேர மின்வெட்டையும் பெற்றோல் வரிசையையும் கண்ட எவரும் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் இந்தச் சலிப்பு காசால் வருவதில்லை.

எங்களுக்கு வேலை தரும் கிளையன்ட் இருக்கும் நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்துக்கு மீட்டிங், மீட்டிங் முடிய டிக்கெட் (செய்து முடிக்க வேண்டிய வேலைக் குறிப்பு), அதை முடித்தால் அடுத்த டிக்கெட். நாங்கள் செய்த பட்டனை யார் அழுத்துகிறார்கள், அது அவருக்கு உதவியா உபத்திரவமா, ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் காலையில் லப்டொப்பைத் திறக்கவே மனமில்லாமல் இருந்தேன்.

அப்புறம் கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடைக்கு நாங்கள் செய்து கொடுத்த பில் போடும் மென்பொருளைப் பார்க்கப் போய், காசாளர் அக்காவுக்குப் பக்கத்தில் அரை நாள் இருந்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஐந்து தரம் கிளிக் பண்ணுகிறார், சனம் வாசல் வரை நிற்கிறது, எதற்குப் பிறகு எதை அழுத்துவது என்று ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டியிருக்கிறார். அந்தத் திரையைச் செய்தவன் நான். இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தேன், யாரும் டெட்லைன் வைக்கவில்லை. அடுத்த கிழமை போனபோது அந்தத் துண்டு அங்கே இல்லை. அன்று வந்த உற்சாகம் எந்த போனஸுக்கும் வந்ததில்லை.

2004 சுனாமி வந்த கையோடு நம் நாட்டு மென்பொருள்காரர்கள் தொண்டாக இறங்கி, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள், அது 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் பயன்பட்டது. யாருக்காகச் செய்கிறோம் என்பது அவர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது.

எனவே கொம்பனி நடத்துபவர்களிடம் கேட்கிறேன்: வருடாந்த ட்ரிப் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது உங்கள் பிள்ளைகளைப் பாவனையாளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்துங்கள். கிளையன்ட் வெளிநாட்டில் என்றால், அங்கே ஒருவர் அதைப் பாவிப்பதை வீடியோவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும்.

ஒரு மென்பொருள் பொறியியலாளர்,
கொழும்பு 06.