அரஃபா நோன்பு எந்த நாளில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற இதழில், ஹாஜிகள் மக்கா அருகே அரஃபா வெளியில் கூடும் துல்ஹஜ் மாத ஒன்பதாம் நாளான அரஃபா நாளின் சிறப்பைப் பற்றி வந்த கட்டுரை மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் எந்தக் கிழமையில் நோன்பு வைப்பது என்பதை அது தொடவே இல்லை. ஊர்களில் சச்சரவு நடப்பது அதை வைத்துத்தான்.

2024இல் ஹாஜிகள் அரஃபாவில் கூடியது ஜூன் 15, சனிக்கிழமை. தமிழ்நாட்டுப் பிறைப்படி துல்ஹஜ் 9 மறுநாள் ஞாயிறு. அன்று மக்காவில் பெருநாள். ஒரே வீட்டில் மகன் சனிக்கிழமை நோன்பு, தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை நோன்பு. "பெருநாளில் நோன்பு வைப்பது ஹராம் (விலக்கப்பட்டது) ஆயிற்றே" என்று மகன் சொல்ல, தகப்பனார் ஸஹர் (நோன்புக்கு முந்திய விடியற்கால உணவு) செய்யவே தயங்கும் நிலை.

நம் பிறைக்கு ஒன்பதாம் நாளே நமக்கு அரஃபா நோன்பு என்பது என் உறுதியான கருத்து. ஹாஜிகள் அங்கே கையேந்தும் வேளையில் நாமும் நோன்போடு இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அரஃபாவில் தங்குவது உச்சி சாய்ந்த பிறகு தொடங்கி சூரியன் மறையும் வரை. ஃபிஜித் தீவில் நேரம் மக்காவை விட ஒன்பது மணி முந்தியது. அங்குள்ளவர் நோன்பு திறந்து இஷா என்னும் இரவுத் தொழுகையும் முடித்த பிறகுதான் அரஃபாவில் லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரமே வருகிறது. சென்னையில் சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போதும் அரஃபாவில் மாலை நான்கு மணிதான் ஆகியிருக்கும். தந்தியும் வானொலியும் வருமுன் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்த நம் முன்னோருக்கு, மக்காவில் என்றைக்குப் பிறை தெரிந்தது என்பது ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கப்பலில் திரும்பி வந்த பிறகுதானே தெரிந்திருக்கும்? அவர்களும் அரஃபா நோன்பு வைத்தவர்கள்தாம்.

அவரவர் ஊர்ப் பிறையே அவரவருக்கு என்பதற்கு, ஹதீஸ் நூலான ஸஹீஹ் முஸ்லிமில் குரைப் என்பவர் சொல்லும் செய்தியையும் நினைவூட்ட விரும்புகிறேன். சிரியாவில் வெள்ளி இரவு ரமலான் பிறை பார்த்ததாக அவர் மதீனாவுக்கு வந்து சொன்னபோது, "நாங்கள் பார்த்தது சனி இரவு, முப்பதை நிறைவு செய்யும்வரை அல்லது பிறை காணும்வரை நோன்பு வைப்போம்" என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி). நபி (ஸல்) அவர்கள் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள் என்றும் சொன்னார். குரைபை சிரியாவுக்கு அனுப்பியவர் இப்னு அப்பாஸின் தாயார் உம்முல் ஃபழ்ல் (ரலி). நபியவர்கள் அரஃபாவில் நோன்பாளியா என்று மக்கள் ஐயப்பட்டபோது பால் கொடுத்தனுப்பி, அவர்கள் அதை அருந்தியதால் ஐயம் தீரக் காரணமாக இருந்தவரும் இவரே.

மக்காவைப் பின்பற்றுவோரிடமும் ஆதாரம் உண்டு. அவர்களுடைய நோன்பை நான் குறை சொல்ல மாட்டேன். கடந்த ஆண்டின் பாவத்துக்கும் வரும் ஆண்டின் பாவத்துக்கும் பரிகாரமாகும் என்று நபியவர்கள் சொன்ன சுன்னத்தான நோன்பு இது. அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் நோன்பை ஹராம் என்பது எனக்குப் பெரும் வேதனை.

பெருநாள் தொழுகை நேரத்தை எழுதும் பள்ளிவாசல் பலகையில் அரஃபா நோன்பு நாளையும் பிறை அறிவித்த இரவே எழுதிவிடும்படி ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் மக்கள் வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் நம்புவார்கள். தாங்களும் அடுத்த துல்ஹஜ்ஜுக்கு முந்திய இதழில் இரு கருத்து ஆலிம்களிடமும் (மார்க்க அறிஞர்களிடமும்) எழுதி வாங்கி, ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

வஸ்ஸலாம்.
ஒரு வாசகர்,
மேலப்பாளையம்