சலோனிக்காவின் கல்லறைக் கற்களைப் பதிவுசெய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில், பழைய வழக்கில் சலோனிக்காவில், ஒரு வீட்டு முற்றத்திலோ மதில் சுவரிலோ எபிரேய எழுத்து பொறித்த சலவைக்கல் துண்டு தட்டுப்பட்டால் உள்ளூர்க்காரர் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அது யாரோ ஒருவருடைய கல்லறைக் கல். அப்படிப்பட்ட கற்களைத் தேடிப் படமெடுத்து, எழுத்தைப் படித்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில் ஏற்றும் வேலைக்காக உங்களிடம் பணம் கேட்டு இதை எழுதுகிறோம். அந்த ஊர் யூதக் குடும்பங்களின் வழிவந்தவர்களும், பல நாட்டுத் தன்னார்வலர்களும் சேர்ந்த சின்னக் குழு எங்களுடையது. தமிழ் பேசுபவர்களும் அதில் இருக்கிறோம்.

1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியபோது, அவர்களில் பெருங்கூட்டம் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் தங்கள் ஸ்பானியப் பேச்சை விடவில்லை. எபிரேய எழுத்தில் அதை எழுதினார்கள், அதிலேயே பத்திரிகை நடத்தினார்கள், பாட்டுக் கட்டினார்கள். லதீனோ என்று அந்த மொழிக்குப் பெயர். மத குருமார் முதல் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் வரை எல்லாத் தொழிலிலும் யூதர்கள் இருந்ததால், அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமையில் துறைமுகமே மூடிக்கிடக்கும். நானூற்றைம்பது வருஷம் இப்படி வாழ்ந்தார்கள்.

ஜெர்மானியப் படை 1941 ஏப்ரலில் நகருக்குள் வந்தது. 1942 ஜூலை 11, சனிக்கிழமை. யூத ஆண்கள் சுமார் 9,000 பேரை நகரின் விடுதலைச் சதுக்கத்தில் கடும் வெயிலில் மணிக்கணக்காக நிறுத்தி, அடித்து அவமானப்படுத்தி, பெயர் பதிந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலைக்குப் போனார்கள். அவர்களை மீட்கச் சமூகம் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பேரத்தில் நகர யூதர்களின் கல்லறைத்தோட்டமும் கைவிட்டுப் போனது. டிசம்பரில் இடிப்பு தொடங்கியது. ஏறக்குறைய 3,50,000 சதுர மீட்டர் நிலம்; 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் என்று கணிக்கிறார்கள். அனுமதி ஜெர்மானியருடையது, கடப்பாரை பிடித்தது நகராட்சி அனுப்பிய ஆட்கள். அதை மழுப்புவதில் அர்த்தம் இல்லை. கற்கள் கட்டடச் சாமானாகப் போயின. நடைபாதை, படிக்கட்டு, தேவாலயப் பழுதுபார்ப்பு, ஒரு நீச்சல் குளம்கூட. அந்த நிலத்தில் இன்று அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கிறது. வளாகத்துக்குள் ஒரு நினைவுச்சின்னம் எழும்ப 2014 ஆகிவிட்டது.

இறந்தவர்களை அகற்றிய மூன்றே மாதத்தில் இருப்பவர்களின் முறை வந்தது. முதல் ரயில் 1943 மார்ச் 15-ஆம் தேதி ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்குக் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் சுமார் 46,000 பேரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் போய் இறங்கிய அன்றே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 50,000 பேர் இருந்த சமூகத்தில், போருக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது 2,000 பேர்கூட இல்லை.

அருங்காட்சியகம் இருக்கிறதே, சதுக்கத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறதே, இந்த உடைந்த கற்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆஷ்விட்சில் கொல்லப்பட்டவர்களுக்குக் கல்லறையே கிடையாது. அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கு இருந்தது, அதையும் பிடுங்கிவிட்டார்கள். 1917-ல் நகரத்தை எரித்த பெருந்தீயில் ஏராளமான ஏடுகள் சாம்பலாயின. மிஞ்சியவற்றில் பெரும்பகுதியை நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். போரின் முடிவில் ஒரு பங்கு மாஸ்கோவுக்குப் போய்விட்டது, வேறு பகுதிகள் நியூயார்க்கிலும் ஜெருசலேமிலும் இருக்கின்றன. ஆக, பல குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோர் பெயரைச் சொல்லும் ஒரே சான்று, யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியாகக் கிடக்கும் கல்தான்.

உடைந்த கல்லும் நிறையச் சொல்லும். பெயர் இருந்த மேற்பாதி போய், கீழே நாலு எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தாவ், ரேஷ், அயின், ஸாயின். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. 400, 200, 70, 7, கூட்டினால் 677. முன்னால் வரும் ஐயாயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், அதனால் யூத ஆண்டு 5677. நம் கணக்கில் 1916 செப்டம்பர் கடைசியிலிருந்து 1917 செப்டம்பர் நடுவரை, அதாவது நகரம் தீப்பற்றி எரிந்த அதே ஆண்டு. தேய்ந்துபோன எழுத்தை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கை வைத்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சில கற்களைத் திருப்பினால் பின்பக்கம் பழைய கிரேக்க எழுத்து இருக்கும். யூதர்களுக்கு முன்பே வேறு யாரோ செதுக்கிய சலவைக்கல் அது.

சுவரை இடித்துக் கல்லை எடுப்பது எங்கள் வேலையில்லை. இருக்கும் இடத்திலேயே படமெடுத்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் பதிவுசெய்கிறோம். ஆனால் பழைய வீடொன்றை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தால் நிலைமை வேறு. அன்றைக்கே லாரி பிடித்து ஆள் வைத்துக் கல்லை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் செங்கல் ஜல்லியோடு சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போய்விடும். கையில் ரொக்கம் இல்லாமல் இது நடக்காது. நன்கொடையில் பெரும்பங்கு இதற்குத்தான் ஒதுக்கப்படும். மீதி, எழுத்துப் படிக்கத் தெரிந்தவரின் சம்பளத்துக்கும், கல்லைச் சுத்தம் செய்யும் நிபுணருக்கும், படங்களைச் சேமிக்கும் செலவுக்கும். குழுவில் இருப்பவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை.

தமிழர்களிடம் ஏன் கேட்கிறோம்? மனிதர்கள் என்பதே போதும்தான். இருந்தாலும் ஒன்று சொல்கிறோம். முதல் உலகப்போரில் அந்த வட்டாரப் போர்முனையில் இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இதே நகரில், மொனாஸ்டிர் சாலையில் ஒரு கல்லறைத்தோட்டம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியும் அதைப் பராமரித்து வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பெயர்களைப் படிக்கலாம். பேரரசுக்காகச் செத்தவர்களுக்குக் கிடைத்த இந்தச் சின்ன மரியாதை, அந்த ஊரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எவ்வளவு சிறிய தொகையானாலும் சரி. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கிக் கட்டணமே பாதியைத் தின்றுவிடும் என்பதால், நாலைந்து நண்பர்கள் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பினால் நல்லது. பணமாக முடியாதவர்கள் வேறு விதத்திலும் உதவலாம். எபிரேய எழுத்து தெரிந்தவர்கள், பழைய கையெழுத்தைப் படித்துப் பழகியவர்கள், தரவுத்தளம் அமைக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் தேவைப்படுகிறார்கள்.

கொடுத்தவர் பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்க மாட்டோம். அந்த வழக்கம் இந்த வேலைக்குப் பொருந்தாது. ரசீது உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கும், அந்த ஆண்டு படித்து முடித்த கற்களின் பட்டியலும் ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
குழுவினர்