தலைகள் குறைவு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஹிட்லரின் ஓவியங்கள் பற்றி வந்த கட்டுரையையும், அதற்கு வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர் எல்லாமே குப்பை என்கிறார். இன்னொருவர், நல்ல கலைஞனை வியன்னா நுண்கலை அகாடமி விரட்டிவிட்டது, இடம் கொடுத்திருந்தால் உலகப்போரே வந்திருக்காது என்கிறார். முப்பத்தோரு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்து, கட்டுக்கட்டாக மாணவர் படங்களுக்கு மார்க் போட்டவன் நான். இருவரும் படத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து மார்க் போட்டிருக்கிறார்கள்.

வியன்னாவின் கார்ல்ஸ்கிர்ஷே தேவாலயம், ஆப்பரா மாளிகை, 1913இல் மியூனிக் போன பிறகு அங்கிருந்த பழைய அரண்மனை முற்றம் என ஹிட்லர் வரைந்தது பெரும்பாலும் நீர்வண்ணக் கட்டடங்கள்தான். கட்டடத்தில் கை ஓரளவு நிற்கிறது. தூண், வளைவு, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் பொறுமையாகப் போட்டிருக்கிறார். ஆனால் நீர்வண்ணத்தின் சுகமே, ஈரம் காய்வதற்குள் வண்ணத்தை அதன் போக்கில் கொஞ்சம் ஓடவிடுவதில்தான் இருக்கிறது. இவர் அதற்குத் துணியவே இல்லை. கோடு போட்டு, கோட்டுக்குள் நிரப்பியிருக்கிறார். நேரில் உட்கார்ந்து வரைந்ததைவிட, அஞ்சலட்டைகளையும் பழைய அச்சுப் படங்களையும் பார்த்து எடுத்த நகல்கள்தான் அதிகம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு நானும் போட்டோ பார்த்து உருவப்படம் வரைந்து கொடுத்தவன்தான்.

மனிதர்களிடம் வந்தால்தான் சங்கதி தெரிகிறது. தெருவில் நிற்கும் ஆட்களுக்கு எடையே இல்லை. நட்டு வைத்த குச்சிகள். 1907இல் அகாடமி நுழைவுத் தேர்வுக்கு நூற்றுப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், 28 பேர் தேறினார்கள். ஹிட்லர் முதல் கட்டத்தைத் தாண்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். முடிவில் அவர் பெயருக்கு எதிரே எழுதியது இவ்வளவுதான்: சோதனை ஓவியம் திருப்தியில்லை, தலைகள் குறைவு. இத்தனை வருடம் மார்க் போட்ட எனக்கு அந்தக் குறிப்பைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு சரியாக நான் எழுதியதில்லை. என்னிடம் வந்திருந்தால் கட்டடத்துக்கு 60, உருவத்துக்கு 25 போட்டிருப்பேன்.

கட்டடக்கலை படி என்று அகாடமியிலேயே வழி காட்டினார்கள். அதற்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும், அது அவரிடம் இல்லை. மறுவருடம் தேர்வில் உட்காரவே விடவில்லை. பழமைவாத அகாடமி புதுமையை மதிக்கவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் ஹிட்லரின் ரசனையும் அதே பழமைதானே? 1906இல்தான் அதே அகாடமி, பின்னாளில் புதுமை ஓவியராகப் பேர் வாங்கிய எகோன் ஷீலேயை 16 வயதில் சேர்த்துக்கொண்டது. 1907இல் ஹிட்லரோடு தேறாத மற்ற எண்பது பேருக்கு மேல் வீடு திரும்பி வேறு வேலை பார்த்திருப்பார்கள். ஒரு வாத்தியார் போட்ட மார்க்கின் மேல் இத்தனை கோடிச் சாவைத் தூக்கி வைப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கட்டுரையில் ஒருவரைக் காணவில்லை. சாமுவேல் மோர்கன்ஸ்டெர்ன். வியன்னாவில் கண்ணாடி, படச்சட்டக் கடை வைத்திருந்த யூதர். காலியாக இருக்கும் சட்டத்தைவிடப் படம் போட்ட சட்டம் சீக்கிரம் விற்கும் என்பதால், ஆண்கள் விடுதியில் தங்கியிருந்த அந்த இளைஞனிடம் தொடர்ந்து படம் வாங்கினார். அந்தப் படங்களுக்கு அப்போதிருந்த உண்மையான மதிப்பு அதுதான், சட்டத்துக்குள் நிரப்ப ஏதோ ஒன்று. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் கடை பறிபோனது. 1939இல் தன் பழைய வாடிக்கை ஓவியருக்கே உதவி கேட்டுக் கடிதம் எழுதினார் மோர்கன்ஸ்டெர்ன். அது ஹிட்லர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. 1941இல் அவரை, போலந்தில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த லோட்ஸ் கெட்டோவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். 1943இல் அங்கேயே இறந்தார்.

இப்போது அந்தப் படங்களுக்கு லட்சக்கணக்கில் விலை என்று எழுதியிருக்கிறீர்கள். 2014இல் மியூனிக் பதிவாளர் அலுவலகப் படம் ஒன்று 1,30,000 யூரோவுக்குப் போனது நிஜம். அது கையெழுத்துக்குக் கொடுத்த காசு. 2019இல் நியூரம்பெர்க் ஏலத்துக்கு வந்த ஐந்து படங்களை வாங்க ஆளில்லை, போலியோ என்ற சந்தேகமும் இருந்தது. ஹிட்லர் டைரி என்று 1983இல் உலகை ஏமாற்றிய கோன்ராட் குஜாவ், ஹிட்லர் ஓவியங்களையும் வரைந்து விற்றவர்தான்.

அதனால்தான் கேட்கிறேன். கட்டுரையோடு நீங்கள் போட்ட பூச்சாடிப் படத்தின் கீழே, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்ற விவரம் இல்லை. அடுத்த வாரமாவது போடுங்கள். அந்தப் படத்தில் இதழ்களின் ஓரத்தில் வண்ணம் அழகாகக் கசிந்து ஓடியிருக்கிறது. அது அவர் கையில்லை என்று எனக்குச் சந்தேகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்