மோட்டாரை நிறுத்திய அண்ணாச்சிக்கும் உடன் நின்றவர்களுக்கும்

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய எங்கள் படம் முடிந்துவிட்டது. நேற்று இரவு தூத்துக்குடியில் முதன்முறையாகத் திரையிட்டோம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. தள்ளிப்போட்டால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை அது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். எங்களுக்குக் காட்சிகள் பிழைத்தன, ஒலிப்பதிவுகள் பிழைக்கவில்லை. வீடும் ஆடுமாடும் போனவர்கள் முன்னால் அதை இழப்பு என்று சொல்லவே நா கூசியது.

உப்பு வாரும் சத்தத்துக்குக் கல்லுப்பைத் தாம்பாளத்தில் கொட்டிக் கரண்டியால் இழுத்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று சென்னையில் ஒரு நண்பர் சொன்னார். உப்பு வாருகிறவர்களுக்குத் தெரியும். படமே அவர்களுக்குத்தானே? ஆகவே கருவிகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்து இறங்கினோம். முன்பு பதிவு செய்த உப்பளம் சேற்றிலிருந்து மீண்டிருக்கவில்லை. இடம் கொடுத்த வேறோர் அளத்திலோ, பாத்திக்குப் பக்கத்திலேயே உப்புநீர் இறைக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார். மைக்கில் அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை.

நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வண்டலை அள்ளி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, அப்போதுதான் பாத்திகளை மீட்டிருந்தார்கள். உப்புநீர் வெயிலில் வற்றி, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். பருவம் ஏற்கெனவே பிந்தியிருந்தது. மோட்டார் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் கூலிக்கணக்கில் வந்து நிற்கும்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு, அந்த மோட்டாரை ஓட்டும் அண்ணாச்சி வந்தார். என்ன சங்கதி என்று கேட்டார், தலையாட்டினார், போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து அளங்களிலும் ஓடவில்லை. அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

பலகை விழுந்து உப்புப் பொருக்கு உடைவதும், உப்பு ஈரமாக நரநரவென்று வரப்பை நோக்கி நகர்வதும் அன்றுதான் தனித்தனியாகக் கேட்டன. தூரத்தில் நெடுங்கால் உள்ளான் பறவைகளின் குரல். நடுவே ஓர் அக்காவின் சீட்டுப்பணக் கணக்கு. அந்தக் கணக்கையும் படத்தில் அப்படியே வைத்திருக்கிறோம், அவர் சம்மதத்தோடுதான்.

வேலை முடியும்வரை விடியற்காலையெல்லாம் இப்படியே நடந்தது. நின்ற நேரத்தை ஈடுகட்ட நள்ளிரவிலேயே வந்து மோட்டாரைப் போட்டிருக்கிறார் என்பது, நாங்கள் ஊர் திரும்பும் நாளில் ஓர் ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது. அவரிடம் கேட்டதற்கு, "சாப்பிட்டாச்சா?" என்று பதில் வந்தது. நேற்றைய திரையிடலுக்கும் அவர் வரவில்லை. மோட்டார் ஓடுகிற நேரம்.

நிதி கேட்டுப் போன இடங்களில் ஒலிக்கென்று ஒரு செலவுக்கணக்கு எழுதச் சொல்வார்கள். அண்ணாச்சியின் தூக்கத்தை அதில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெறுங்காலோடு வேலை செய்தபடியே எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன அக்காமார்களுக்கும், வாடகை வாங்க மறுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், சம்பளப் பேச்சே எடுக்காமல் இரவெல்லாம் வெட்டி ஒட்டிய படத்தொகுப்பாளருக்கும், முகம் தெரியாமலே நூறும் ஐந்நூறும் அனுப்பிய நண்பர்களுக்கும், கேமராவை இரவல் கொடுத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத தோழருக்கும் நன்றி. பெயர்கள் படத்தின் இறுதியில் இருக்கின்றன. யாருடையதாவது விட்டுப்போயிருந்தால் சண்டை போடுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது நம் மாநிலத்தில்தான். ஆனால் உப்பளத்துக்காரர்கள் தங்களைத் திரையில் பார்ப்பது அபூர்வம். விழாக்களுக்கும் அனுப்புவோம், அது பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை இருக்காது, கையில் காசும் இருக்காது, நேரம் மட்டும் இருக்கும். அந்த மாதங்களில் முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை, தருவைகுளம் என்று ஊர் ஊராகத் திரை கட்டுவோம். டிக்கெட் கிடையாது. மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்குள்ளோ கல்யாண மண்டபத்துக்குள்ளோ போய்விடலாம். ஜெனரேட்டரைச் சத்தம் எட்டாத தூரத்தில் வைக்க மட்டும் ஓர் இடம் பார்த்துச் சொல்லுங்கள்.